நீரைத் தொடும் முகம்: சோனார் டிரான்ஸ்டியூசர் உருவாகும் விதம்

நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருள்களைக் கண்டறியும் சோனாரைப் பற்றிய பேச்சில் கணிப்பொறித் திரையும், எதிரொலியை அலசும் மென்பொருளும், ஒலிக்கற்றையைத் திருப்பும் மின்னணுச் சுற்றுகளுமே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. மின்சாரத்தை ஒலியாக்கி நீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை மீண்டும் மின்சாரமாக்கித் தரும் டிரான்ஸ்டியூசரோ, கப்பலின் அடிப்பகுதியில் ரப்பர் உறைக்குள் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது. அது நீருக்குள் செலுத்தத் தவறிய ஆற்றலை எந்த மென்பொருளாலும் பின்னர் ஈடுசெய்ய முடியாது. இந்தக் கருவியின் தரத்தை அதனுள் இருக்கும், அழுத்தினால் மின்சாரம் தரும் அழுத்தமின் பீங்கானே தீர்மானிக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். பீங்கான் முக்கியம்தான், எனினும் பீங்கானும் உலோகமும் சேரும் இடம், உலோகமும் நீரும் சேரும் இடம், கம்பியும் உறையும் சேரும் இடம் ஆகிய இணைப்புகளில்தான் ஒரு டிரான்ஸ்டியூசர் தேறுவதும் கெடுவதும் நிகழ்கின்றன என்பது என் கருத்து. வடிவமைப்பையும் உற்பத்தியையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் சுருங்கி விரிய வேண்டும் என்று கணித முறையில் இயற்பியலாளர் லிப்மன் 1881இல் காட்ட, அதே ஆண்டில் கியூரி சகோதரர்கள் அதைச் சோதனையில் உறுதிசெய்தார்கள். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் இந்த விளைவு ஆய்வகத்தை விட்டுக் கடலுக்கு வந்தது. பிரான்சில் இயற்பியலாளர் பால் லாஞ்ஜெவின் இதற்கு குவார்ட்சைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 40 கிலோஹெர்ட்ஸில் அதிர வேண்டுமானால் குவார்ட்ஸ் கட்டி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தூய படிகங்கள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவற்றை இயக்கத் தேவையான மின்னழுத்தம் மிகப் பெரியது. ஆகவே மெல்லிய குவார்ட்ஸ் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு இடையே ஒட்டி, முழு அடுக்கையும் ஒரே பொருள்போல ஒத்ததிரச் செய்தார். 1918இல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலியும் கிடைத்தது. உயர்திறன் டிரான்ஸ்டியூசர்களில் பல இன்றைக்கும் இந்த அடுக்கு அமைப்பின் வழிவந்தவையே. அவர் தீர்த்து வைத்த சிக்கலில் பாதி இயற்பியல், மீதிப் பாதி ஒட்டு வேலை என்பது கவனிக்கத் தக்கது.

1940களில் பேரியம் டைட்டனேட் என்ற அழுத்தமின் பீங்கான் வந்தது. 1954இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ஜாஃபியும் உடன் பணியாற்றியவர்களும் ஈய சிர்கோனேட் டைட்டனேட்டின், அதாவது பி.இசட்.டி.யின், வலுவான அழுத்தமின் பண்பை வெளியிட்டார்கள். சிர்கோனியமும் டைட்டானியமும் ஏறத்தாழ 52-க்கு 48 என்ற விகிதத்தில் இருக்கும்போது இரண்டு படிக அமைப்புகள் எல்லையில் சந்திக்கின்றன. அங்கே உள்முனைவின், அதாவது படிகத்துக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதன், திசை எளிதில் திரும்புவதால் விளைவு உச்சத்தை எட்டுகிறது. ஒரு நியூட்டன் விசைக்கு குவார்ட்ஸ் தரும் மின்னூட்டம் சுமார் 2.3 பிகோகூலம், பி.இசட்.டி-4 தருவது சுமார் 289. இந்த நூறு மடங்கு வேறுபாடுதான் சோனாரின் போக்கையே மாற்றியது.

இந்த எண்ணையே அளவுகோலாகக் கொண்டு பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பி.இசட்.டி-5எச் என்ற மென் வகையில் இந்த எண், அதாவது கெழு, 593, அதாவது பி.இசட்.டி-4ஐப் போல இரு மடங்கு. ஆனால் அதன் மின் இழப்பு சுமார் 2 சதவீதம், பி.இசட்.டி-4இன் இழப்போ 0.4 சதவீதம். ஒலியை வலுவாக அனுப்பும் கருவியில் மென் வகையை வைத்தால், இழக்கும் மின்சாரம் பீங்கானுக்குள்ளேயே வெப்பமாகிறது. வெப்பம் ஏற ஏற இழப்பும் ஏறுகிறது. முனைவு நீங்கும் கியூரி வெப்பநிலையும் அந்த வகையில் 200 டிகிரிக்குக் கீழேயே இருக்கிறது. ஆகவே இரும்பு போன்ற மாசுகளைச் சிறிதளவு சேர்த்துத் தயாரிக்கும் கடின வகைகள் அனுப்புவதற்கும், நையோபியம் அல்லது லாந்தனம் சேர்த்த மென் வகைகள் கேட்பதற்கும் பயன்படுகின்றன. இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்ய வேண்டிய இடங்களில் பி.இசட்.டி-4 நடுவழியாக அமைகிறது.

வடிவமைப்பு அதிர்வெண்ணில் தொடங்குகிறது. கடல்நீர் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் மட்டுமே உறிஞ்சுகிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அது 30 டெசிபெல்லைத் தாண்டிவிடுகிறது. தொலைவு வேண்டுமென்றால் அதிர்வெண் குறைய வேண்டும். குறைந்தால் அலைநீளம் பெருகி, கற்றையைக் குறுக்கத் தேவையான முகப்பும் பெரிதாகிறது. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் என்பதால் 38 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே 7 டிகிரி கற்றை வேண்டுமானால் வட்ட முகப்பின் விட்டம் 33 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதே 7 டிகிரியை 200 கிலோஹெர்ட்ஸில் பெற ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போதும். மீன்பிடிப் படகின் ஆழமானி உள்ளங்கையில் அடங்குவதும், நீர்மூழ்கி வேட்டைக்கான சோனார் கப்பலின் முகப்பில் ஒரு அறையளவு இடத்தைப் பிடிப்பதும் இதனால்தான்.

அடுத்த சிக்கல்தான் என் பார்வையில் மையமானது. பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் அதன் ஒலிமறுப்பு கிடைக்கும். நீருக்கு அது, மெகாரேல் என்ற அலகில், சுமார் 1.5, பி.இசட்.டி.க்கு 33 அளவில். இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள எல்லையை ஒரு முறை தொடும் அலையில் 17 சதவீத ஆற்றல் மட்டுமே நீருக்குள் நுழைகிறது. எஞ்சியது பீங்கானுக்குள்ளேயே திரும்புகிறது. ஒத்ததிர்வு இதைச் சமாளிக்கிறது: திரும்பிய அலை அடுத்த தள்ளலோடு ஒன்று சேர்ந்து வீச்சைப் பெருக்க, போதிய சுற்றுகளுக்குப் பின் பெரும்பகுதி ஆற்றல் நீருக்குப் போய்விடுகிறது. ஆனால் இப்படிச் சுற்றுக்கு மேல் சுற்றாக ஒலியைச் சேர்க்கும் கருவி, ஒரே அதிர்வெண்ணையொட்டி மட்டுமே நன்றாக வேலை செய்யும். அதன் பட்டை அகலம், அதாவது அது நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்களின் பரப்பு, சுருங்கிவிடும். பட்டை அகலம் சுருங்கினால் தொலைவைப் பிரித்தறியும் நுட்பமும் குறையும். 3 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களையே பிரித்துக் காண முடியும். அதைவிட நெருக்கமானவை ஒன்றாகவே தெரியும்.

ஆகவே எல்லையை ஒரே தாவலில் கடக்காமல் இடையில் படி அமைக்கிறார்கள். அலைநீளத்தில் கால் பங்கு தடிமனும், இரு ஒலிமறுப்புகளின் பெருக்கற்சராசரியான 7 மெகாரேல் அளவு மறுப்பும் கொண்ட ஓர் அடுக்கை முகத்தில் ஒட்டுவது ஒரு வழி. கனிமத்தூள் கலந்த எபாக்சி என்ற இறுகும் பிசினில் இதைச் செய்ய முடியும். பீங்கானின் பின்பக்கத்தில் என்ன வைப்பது என்பதிலும் இதே பேரம் இருக்கிறது. டங்ஸ்டன் தூள் கலந்த எபாக்சியை வைத்தால் அதிர்வு விரைவில் அடங்கிப் பட்டை விரியும். ஆனால் பாதி ஆற்றல் பின்னால் வெப்பமாகப் போகும். காற்றையோ நுரைப்பொருளையோ வைத்தால் ஒலி முழுவதும் முன்னோக்கித் திரும்பும். ஆனால் ஆழத்தில் 100 மீட்டருக்கு 10 வளிமண்டல வீதம் ஏறும் அழுத்தத்தில் அந்த நுரை நசுங்கிவிடாமல் பார்க்க வேண்டும். மிக ஆழத்தில் இயங்கும் கருவிகளுக்குள் எண்ணெய் நிரப்பி உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமப்படுத்துகிறார்கள். நீரின் ஒலிமறுப்புக்கு மிக நெருங்கி இருப்பதால் ஆமணக்கெண்ணெய் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரையிலான அனுப்பிகளில் பரவலாக இருப்பது டோன்பில்ஸ் எனப்படும் காளான் வடிவ அமைப்பு. நடுவில் பீங்கான் வளையங்களின் அடுக்கு. முன்னே அலுமினியம் போன்ற இலேசான உலோகத்தில் அகன்று விரியும் தலை. பின்னே எஃகிலோ டங்ஸ்டனிலோ கனமான வால். எல்லாவற்றையும் ஊடுருவி இறுக்கும் ஒரு போல்ட். தலையும் வாலும் எதிரெதிர்த் திசையில் அசையும்போது அவற்றின் வேகங்கள் எடைக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், வால் நான்கு மடங்கு கனமாக இருந்தால் தலை நான்கு மடங்கு வேகத்தில் அசைந்து நீரைத் தள்ளும். தலையை மேலும் மெல்லியதாக்கினால் பட்டை விரியும் என்று ஒரு கட்டத்துக்கு மேல் சென்றால், தலை தட்டையாக அசையாமல் அதன் ஓரங்கள் வளைந்து மடங்கத் தொடங்கிவிடும். அந்த வளைவு அதிர்வெண் வேலை செய்யும் பட்டைக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்வது வடிவமைப்பாளரின் பெரிய கவலைகளில் ஒன்று. பீங்கான் வளையங்கள் இயந்திர முறையில் தொடராகவும் மின் முறையில் இணையாகவும் இணைக்கப்படுகின்றன. முனைவுத் திசை ஒன்றுவிட்டு ஒன்று மாறி வர வேண்டும். ஒரு வளையம் தலைகீழாகிவிட்டால் மற்றவை தள்ளும்போது அது இழுத்துக்கொண்டிருக்கும்.

போல்ட்டின் வேலை வெறுமனே பாகங்களைச் சேர்த்துப் பிடிப்பது அன்று. பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையில் அந்த வலிமையின் சிறு பங்கே அதற்கு உண்டு. அதிர்வின் எந்தக் கணத்திலும் பீங்கான் இழுவிசைக்கு ஆளாகாமலிருக்க, முன்கூட்டியே அதை அமுக்கி வைக்க வேண்டும். எவ்வளவு அமுக்கினோம் என்பதை முறுக்கு ஸ்பேனரின் அளவீட்டைக் கொண்டு நம்பிவிட முடியாது. மரையில் உள்ள உராய்வு ஒவ்வொரு போல்ட்டுக்கும் மாறும். இங்கேதான் அழகான ஒரு வழி இருக்கிறது: அழுத்தமானியாகப் பீங்கானையே பயன்படுத்துவது. வெளிவிட்டம் 38, உள்விட்டம் 15, தடிமன் 6 மில்லிமீட்டர் கொண்ட ஆறு பி.இசட்.டி-4 வளையங்களை 20 கிலோநியூட்டன் விசையில் இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். பீங்கானில் ஏறும் அழுத்தம் சுமார் 21 மெகாபாஸ்கல். அப்போது வெளிப்படும் மின்னூட்டம் ஏறத்தாழ 35 மைக்ரோகூலம். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை அடுக்குக்கு இணையாகப் போட்டுவிட்டால், நட்டைத் திருகத் திருக மீட்டர் மெல்ல ஏறி 3.5 வோல்ட்டில் வந்து நிற்கும். அந்த மின்தேக்கியை மறந்துவிட்டால் அதே மின்னூட்டம் அடுக்கின் சொந்தக் கொள்ளளவான 11 நானோஃபாரடில் தேங்கி 3000 வோல்ட் வரை ஏறும். இறுக்குபவரின் கைக்கு அது ஆபத்து. முன்னழுத்தம் கூடும்போது பீங்கானின் கெழுவும் சிறிது மாறுவதால், கவனமான பட்டறைகள் ஒரு மாதிரி அடுக்கை அழுத்தப் பொறியில் வைத்து முதலில் அளந்து, வோல்ட்டுக்கும் விசைக்குமான உறவை அந்த வகைக்கென்று குறித்துக்கொள்கின்றன.

ஆற்றலுக்கு நீரும் ஒரு வரம்பு விதிக்கிறது. ஒலியழுத்தத்தின் இறக்கம் நீரின் நிலையழுத்தத்தை மீறும்போது முகப்பில் குமிழ்கள் வெடித்துக் கிளம்பி, ஒலியைச் சிதறடித்து முகப்பையும் அரிக்கின்றன. நீர்மட்டத்தையொட்டி அந்த வரம்பு கணக்கின்படி சதுர சென்டிமீட்டருக்கு மூன்றில் ஒரு வாட் அளவுதான். ஆழமும் அதிர்வெண்ணும் கூடினால், துடிப்பு குறுகினால், அது உயரும். எனவே கூடுதல் ஆற்றல் வேண்டுவோர் ஒரே டிரான்ஸ்டியூசரைக் கசக்காமல் பலவற்றை அரை அலைநீள இடைவெளியில் அணியாக அடுக்குகிறார்கள். அங்கே ஒன்றின் ஒலி அண்டையிலிருப்பதன் முகத்தையும் தள்ளுவதால், அணியின் நடுவில் இருப்பதற்கும் ஓரத்தில் இருப்பதற்கும் நீர் வெவ்வேறு சுமையாகத் தெரிகிறது. கவனியாது விட்டால் சில உறுப்புகள் ஒலியை வெளியிடுவதற்குப் பதிலாக அண்டையவற்றின் ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு சேதமடையும். தனியாகச் சோதித்தபோது குறையின்றி இருந்த உறுப்பு அணியில் சேர்ந்தபின் பழுதாவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பீங்கான் தயாரிப்பு தூளில் தொடங்குகிறது. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை மாசுகளோடு சேர்த்து அரைத்து, 800 முதல் 900 டிகிரியில் முதலில் சுட்டு வினைபுரியச் செய்து, மீண்டும் நுண்ணிதாக அரைத்து, பசைப்பொருள் கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். பசையை மெல்ல எரித்து வெளியேற்றியபின் 1200 முதல் 1300 டிகிரியில் இறுதிச் சுடுதல் நடக்கிறது. அந்த வெப்பத்தில் ஈய ஆக்சைடு ஆவியாகிக்கொண்டே இருக்கும். சிறிது போனாலும் 52-க்கு 48 என்று பார்த்துப் பார்த்து அமைத்த கலவையின் பண்பு குலையும். அதனால் மூடிய அலுமினா மூசைக்குள், ஈயம் நிறைந்த தூளைச் சுற்றிலும் வைத்தே சுடுகிறார்கள். சுட்ட துண்டு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கும். சூளையின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இந்தச் சுருக்கம் சற்று வேறுபடும். ஈயத்தூளோடு வேலை செய்பவர்களின் பாதுகாப்பு, காற்று வடிகட்டல், கழிவுநீர் ஆகியவையும் இந்த உற்பத்தியின் பிரிக்க முடியாத பகுதிகள். அவற்றைச் செலவுக் கணக்கில் கடைசி வரியாக வைப்பவர்கள் இத்தொழிலில் இறங்காமலிருப்பதே நல்லது.

சுட்ட வளையத்தை வைரச் சக்கரத்தில் தேய்த்துத் தட்டையாக்கி, வெள்ளிப் பசையை அச்சிட்டுச் சுட்டு மின்முனை அமைத்தபின் முனைவாக்கம் வருகிறது. அதுவரை பீங்கானுக்குள் உள்ள நுண்மணிகளின் முனைவுகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் வெளியே எந்த விளைவும் தெரியாது. 100 டிகிரிக்கு மேல் சூடான சிலிகோன் எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோவோல்ட் வரை புலம் கொடுத்தால் அவை ஒரே திசைக்குத் திரும்புகின்றன. 6 மில்லிமீட்டர் வளையத்துக்கு இது 12 முதல் 18 கிலோவோல்ட். முனைவாக்கிய பீங்கான் உடனே நிலைபெறுவதில்லை. அதன் பண்புகள், நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே சதவீதம் என்ற கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் நாளில் நடக்கும் மாற்றம் அடுத்த பல வாரங்களில் நடப்பதைவிட மிகுதி. அதனால் வளையங்களைச் சில நாள்களேனும் காத்திருக்க வைத்து, கொள்ளளவையும் கெழுவையும் அளந்து, ஒத்துப்போகும் வளையங்களை ஒரே அடுக்குக்கென்று வகைபிரிக்கிறார்கள்.

முனைவாக்கத்துக்குப் பயன்பட்ட அதே சிலிகோன் எண்ணெய் அடுத்த கட்டத்தில் எதிரியாகிறது. அதன் கண்ணுக்குத் தெரியாத படலம் எஞ்சினால் வளையத்துக்கும் மின்முனைத் தகட்டுக்கும் இடையே எபாக்சி பிடிக்காது. பிடித்ததுபோல் தோன்றி, பல லட்சம் அதிர்வுகளுக்குப் பின் விட்டுவிடும் இணைப்பு முதலிலேயே பிடிக்காத இணைப்பைவிட மோசமானது. எபாக்சி மெல்லியதாகவும் சீராகவும் இருக்க வேண்டும். தடித்தால் அதுவே ஒரு மென்மையான வில்லாகி ஒத்ததிர்வை இறக்கிவிடும்.

வெளி உறைக்குப் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது நியோப்ரீன் ரப்பர் பயன்படுகிறது. பாலியூரித்தேனின் ஒரு கூறான ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். ஆகவே அச்சோ கருவியோ சிறிது ஈரமாக இருந்தாலும் உறைக்குள் குமிழ்கள் உருவாகும். முகப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு குமிழ் நீரைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த ஒலிமறுப்பு கொண்ட தடுப்புச் சுவர். எனவே பாகங்களை அடுப்பில் உலர்த்தி, கலவையை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சியபின், அச்சின் அடியிலிருந்து மெல்ல நிரப்புகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ரப்பர் எதுவும் நீருக்கு முழுத் தடையன்று. ஆண்டுக்கணக்கில் நீராவி ஊடுருவும். துருவைத் தடுக்கக் கப்பலில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் உண்டாக்கும் மின்னோட்டம், உலோகத்திலிருந்து ரப்பரை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே போகும். கேபிளின் வெளியுறையில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் செப்பு இழைகளின் இடைவெளி வழியே நீர் ஊர்ந்து பீங்கான் வரை வந்துவிடும். வடிவமைப்பு அறிக்கையில் ஒரு பத்தி பெறும் இந்த உறையும் கேபிளும் பட்டறையில் மிகுந்த கவனத்தைப் பெற வேண்டியவை.

சோதனை காற்றிலேயே தொடங்கிவிடுகிறது. மின்மறுப்பு குறைந்தும் கூடியும் நிற்கும் இரண்டு அதிர்வெண்களின் விகிதம், மின்னாற்றலும் அதிர்வாற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறும் பிணைப்பின் தரத்தைச் சொல்லும்: 36, 40 கிலோஹெர்ட்ஸ் என்று வந்தால் பிணைப்புக் கெழு 0.44 அளவில் அமையும். ஒட்டு விட்டிருந்தால் இது தாழும், வரைகோட்டில் தேவையற்ற சிறு முடிச்சுகளும் தோன்றும். பிறகு நீரில் இறக்கி அதே வளைவை எடுக்கிறார்கள். அதிர்வெண்ணோடு மாறும் மின்கடத்தலை வரைந்தால் கிடைக்கும் வட்டம் காற்றிலிருந்து நீருக்கு வரும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதிலிருந்து, அதிரும் ஆற்றலில் எவ்வளவு ஒலியாகப் போகிறது என்பது கிடைக்கும். ஒலியளவைத் தொட்டியில் அளக்கும்போது சுவர் எதிரொலி வந்து சேருவதற்குள் அளந்து முடிக்கக் குறுந்துடிப்புகள் தேவை. அளக்கும் ஹைட்ரோஃபோனும் (நீருக்கடி ஒலிவாங்கி) கற்றை நிலைபெற்ற தொலைப்புலத்தில், மேலே சொன்ன 33 சென்டிமீட்டர் முகப்புக்கு ஏறத்தாழ 3 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். நம்பகமான அளவுகோல் கையில் இல்லாதபோதும் மூன்று டிரான்ஸ்டியூசர்களை மாற்றி மாற்றி அனுப்பவும் கேட்கவும் வைத்து, அனுப்பும் திறனுக்கும் கேட்கும் திறனுக்கும் உள்ள நிலையான உறவை வைத்தே உணர்திறனைக் கணக்கிடும் முறை 1940களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது.

பொருளில் இன்று பெரிய முன்னேற்றம் ஒற்றைப் படிகங்களில் நடக்கிறது. ஈய மக்னீசியம் நையோபேட்டும் ஈய டைட்டனேட்டும் சேர்ந்த படிகங்களின் கெழு 1500-ஐத் தாண்டுகிறது, பிணைப்பு 0.9-ஐத் தொடுகிறது, அதே அளவுக் கருவியில் பட்டை அகலம் வெகுவாகக் கூடுகிறது. ஆனால் இவற்றின் படிக அமைப்பு சுமார் 90 டிகிரியிலேயே மாறத் தொடங்குவதால், உயர்வெப்பத்தில் இறுகும் எபாக்சியும் சூட்டில் வார்க்கும் ரப்பரும் இவற்றோடு ஒத்துவருவதில்லை. பற்றவைப்புக் கோலின் சூடுகூட முனைவைக் கலைத்துவிடக்கூடும். எனவே ஒட்டும் பொருள், இறுகும் வெப்பநிலை, மின்முனை இணைக்கும் முறை, உறை வார்க்கும் வரிசை ஆகிய அனைத்தையும் இப்படிகங்களுக்காகப் புதிதாக வகுக்க வேண்டியிருக்கிறது.